கரையாத கல்லும் கரையும் கல்லும்

ஜப்பானில் 1980களில் வெள்ளரிக்காய் வாங்கியவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காயின் தோல்மேல் மெல்லிய வெண்பொடி படிந்திருக்கிறதே, பூச்சிமருந்தின் மிச்சமோ? உண்மையில் அது செடியே சுரந்து காயின்மேல் பூசிக்கொள்ளும் பொடி. அதிலுள்ள முக்கியமான சரக்கு சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். வாங்குபவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிடக் காயையே மாற்றிவிடுவது சந்தைக்கு எளிதாகப் பட்டது. அங்கே வெள்ளரியைப் பூசணி இனத்து அடிச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்ப்பது வழக்கம். குறிப்பிட்ட சில பூசணி வேர்களில் ஒட்டினால் வெண்பொடியே இல்லாமல் காய் பளபளவென்று கரும்பச்சையாக வந்தது. அந்த வேர்கள் வேகமாகப் பரவின.

கூடவே ஒரு தொல்லையும் பரவியது. பளபளக்கும் காய் தந்த கொடிகள் சாம்பல் நோய்க்கு எளிதில் ஆளாயின. அவற்றின் இலைகளில் சிலிக்கான் மிகக் குறைவாக இருந்தது. ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா தலைமையிலான குழு 2011இல் இதன் வேர்வரை போய்ப் பார்த்தது. பூசணி வேரில் சிலிக்கானை உள்ளே விடும் வாயிலாக ஒரு புரதம் இருக்கிறது. வெண்பொடி தராத வகையில் அந்தப் புரதத்தின் 242ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் உட்கார்ந்திருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால், செல்லின் வெளிச்சவ்வுக்குப் போய்ச் சேரவேண்டிய புரதம் செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. வாயிலே இல்லாத வேர், மண்ணில் எவ்வளவு சிலிக்கான் இருந்தாலும் அதை எடுக்க முடியாமல் நின்றது.

செடியிடமிருந்து சிலிக்கானைப் பறித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதே பறிப்பை நாமும் செய்துகொண்டிருக்கிறோம். வேரை மாற்றுவதற்குப் பதிலாக மண்ணை மாற்றுகிறோம். தொட்டியிலும் வளர்ப்புப் பையிலும் மண்ணில்லாக் கலவையை நிரப்பிச் செடி வளர்ப்பவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயலில் இருக்கும்வரை இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. பூமியின் மேலோட்டு எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆக்சிஜன். அடுத்த இடம் சுமார் 28 விழுக்காட்டுடன் சிலிக்கானுக்கு. கரிசல், செம்மண், மணல், கருங்கல் எதை எடுத்தாலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். மண் துகள்களுக்கிடையே நிற்கும் நீரில் சிலிக்கான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மோனோசிலிசிக் அமிலம் ஆகிறது. வேர் எடுத்துக்கொள்ளும் வடிவம் இது ஒன்றுதான். மண்நீரில் பொதுவாக லிட்டருக்கு 0.1 முதல் 0.6 மில்லிமோல் வரை இருக்கும். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் அதே நீரில் கரைந்திருக்கும் மணிச்சத்து இதில் மிகச் சிறிய பங்கே.

அப்படியும் பயிர்ச்சத்துப் பட்டியலில் சிலிக்கானுக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு சோதனை முறை. 1860களில் ஜெர்மனியில் யூலியுஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் க்னாப் ஆகியோர் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்த்தார்கள். ஒவ்வோர் உப்பாக விட்டுப் பார்த்தால் எது இன்றியமையாதது என்று தெரிந்துவிடும். சிலிக்கானை விட்டார்கள், மக்காச்சோளம் வளர்ந்தது. 1939இல் ஆர்னனும் ஸ்டவுட்டும் வகுத்த இலக்கணப்படி, ஒரு தனிமம் இல்லாவிட்டால் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்கவே முடியாது என்று இருந்தால்தான் அது இன்றியமையாச் சத்து. சிலிக்கான் அந்தத் தேர்வில் தேறவில்லை. உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றிய ஹோக்லண்ட் கரைசலிலும் அது சேர்க்கப்படவில்லை. வயலிலிருந்து வந்த சான்று வேறு மாதிரி இருந்தது. இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1862 முதல் பார்லிக்குச் சோடியம் சிலிக்கேட் இட்டுப் பார்த்தார்கள். மணிச்சத்துக் குறைந்த பாத்திகளில் விளைச்சல் கூடியது. 1917இல் ஜப்பானில் ஓனோதெரா, குலைநோய் கண்ட நெல் இலைகளில் நலமான இலைகளைவிடச் சிலிக்கான் குறைவு என்று பதிவு செய்தார். இவை வயல்காரர்களின் தகவலாகவே நின்றுவிட்டன.

கலிபோர்னியாவின் இமானுவேல் எப்ஸ்டீன் 1994இல் எழுதிய கட்டுரைதான் இந்த முரணைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. மண்ணில் வளரும் எந்தச் செடிக்குள்ளும் சிலிக்கான் இருக்கிறது. அது இல்லாத கரைசலில் நாம் வளர்ப்பதோ இயற்கையில் எங்கும் காணக் கிடைக்காத ஒரு செடி. அந்தச் செடியை வைத்துக்கொண்டு இயல்பான செடியைப் பற்றி எப்படி முடிவு சொல்வது? அவர் கேட்டது ஏறத்தாழ இதுதான். அவர் கவலைப்பட்டது ஆய்வகக் கரைசலைப் பற்றி. அந்தக் கரைசல் அதற்குள் ஆய்வகத்தைத் தாண்டி வந்துவிட்டிருந்தது.

வந்த வழியைப் பார்ப்போம். 1930களில் லண்டன் அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் லாரன்ஸும் நியூவெலும் தொட்டிக் கலவைக்கு ஒரு நிலையான அளவைக் கண்டுபிடித்தார்கள்: 7 பங்கு வண்டல்மண், 3 பங்கு பீட், 2 பங்கு மணல். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மட்கி உருவாகும் பழுப்பு நார்ப்பொருள். பாதிக்கு மேல் மண் இருந்ததால் சிலிக்கானைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நல்ல வண்டல்மண் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்காது; கனம், நோய்க்கிருமி வேறு. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் மண்ணை முற்றாக விலக்கி, பீட்டுடன் வெர்மிகுலைட்டோ பெர்லைட்டோ கலந்து, உரங்களை அளந்து சேர்க்கும் கலவையை உருவாக்கினார்கள். எடை குறைவு, தரம் ஒரே சீர், எங்கும் அனுப்பலாம். இன்று உலகின் நாற்றங்கால் தொழில் நிற்பது அதன் வழித்தோன்றல்களின் மேல்தான். மண்ணோடு சேர்ந்து சிலிக்கானும் வெளியேறியதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பீட்டின் இடத்தைத் தென்னை நார்க்கழிவு பிடித்தது அடுத்த கட்டம். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் மலைபோல் குவிந்து கிடந்த தூள், கழுவிக் காயவைத்துக் கட்டிகளாக அழுத்தப்பட்டு ஏற்றுமதிப் பொருளானது. தமிழகத் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டக்காரர்களுக்கு மானியத்தில் தரும் தொகுப்பிலும் அதே கட்டிதான். மாடித் தளம் தாங்க வேண்டுமே என்ற நியாயமான கவலை இதன் பின்னால் இருக்கிறது. நார்க்கழிவில் சாம்பல்சத்து ஏராளம். வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய சிலிக்கான் சொற்பம்.

இங்கே ஒரு தடை வரும். பெர்லைட் எரிமலைக் கண்ணாடி, அதன் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா. வெர்மிகுலைட்டும் சிலிக்கேட் கனிமம். ஆற்றுமணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சுத்தமான சிலிக்கா. தொட்டியில் இவ்வளவு போட்டுவிட்டுச் சிலிக்கான் இல்லை என்றால் எப்படி?

கரைய வேண்டுமே. அறை வெப்பநிலையில் குவார்ட்ஸின் மேல் நீர் எவ்வளவு காலம் நின்றாலும் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் சிலிக்காவுக்கு மேல் கரைவதில்லை. அந்த அளவை எட்டவும் மிக நீண்ட காலம் ஆகும். தொட்டியில் நீர் தங்குவதோ ஒரு நாள், இரண்டு நாள். குவார்ட்ஸில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு நான்கு புறமும் பிணைந்திருக்கின்றன. அதே சிலிக்கா ஒழுங்கற்ற, படிகமாகாத வடிவில் இருந்தால் லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம்வரை கரையும். பெர்லைட் படிகமாகாததுதான் என்றாலும் அதிலுள்ள அலுமினியம் வலையை இறுக்கிப் பிடித்திருப்பதால் கசிவு மிக மெல்ல. நகரப் பேருந்தில் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நிற்பவரின் நிலைதான் மணல் நிறைந்த தொட்டிக்கு: பணம் இருக்கிறது, சீட்டு கிடைக்காது.

ஆகவே, சிலிக்கான் உரம் என்று விற்கப்படும் எந்தப் பொட்டலத்திலும் ‘மொத்தச் சிலிக்கா இத்தனை விழுக்காடு’ என்ற வரி எனக்கு எதையும் சொல்வதில்லை. அந்தக் கணக்கில் முதல் பரிசு கடற்கரை மணலுக்குப் போகும். கேட்க வேண்டியது, எவ்வளவு கரையும் என்பது. அதை அளக்க 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள்: உரத்தூளைச் சோடியம் கார்பனேட், அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் 5 நாள் ஊறவைத்து, வெளிவந்த சிலிக்கானை மாலிப்டினத்தோடு சேர்த்து நீல நிறமாக்கி, நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளக்கிறார்கள். அந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடும் விற்பனையாளர்கள் குறைவு.

கரைந்த சிலிக்கானுக்கு இன்னொரு குணம் உண்டு. தொட்டிக் கலவையில் வழக்கமாக இருக்கும் பி.எச். நிலையில், 5.5 முதல் 6.5 வரை, மோனோசிலிசிக் அமிலத்துக்கு மின்னூட்டமே இல்லை. நார்க்கழிவும் பீட்டும் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் மின்கவர்ச்சியால் பிடித்து வைப்பதுபோல் இதைப் பிடித்து வைக்க முடியாது. மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளாவது ஓரளவு ஒட்டவைத்துக்கொள்ளும். மண்ணில்லாக் கலவையில் அவையும் அரிது. அடித்துளையில் நீர் வடியும்போதெல்லாம் சிலிக்கானும் வடிகிறது. நீர்ம சிலிக்கானை ஒருமுறை ஊற்றி மூன்று மாதம் நம்பியிருக்க முடியாததும், மெல்லக் கரையும் கனிமத்தைக் கலவையிலேயே சேர்க்கும் எண்ணம் பிறந்ததும் இதனால்தான்.

அத்தகைய கனிமங்களில் ஆய்வாளர்கள் அளவுகோலாக வைத்திருப்பது வொலாஸ்டனைட். சுண்ணாம்புக்கல்லும் சிலிக்காவும் பூமிக்குள் கடும் வெப்பத்தில் கலந்து உருவாகும் வெண்ணிறக் கால்சியம் சிலிக்கேட். இந்தியாவில் ராஜஸ்தானின் சிரோகி, உதய்பூர்ப் பகுதிகளில் வெட்டி எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஓடு, பீங்கான், வண்ணப்பூச்சுத் தொழில்களுக்குப் போகிறது. சுத்தமான வொலாஸ்டனைட்டில் 48 விழுக்காடு சுண்ணம், 52 விழுக்காடு சிலிக்கா. இதில் சிலிக்கான் அணுக்கள் ஒற்றைச் சங்கிலிகளாக மட்டுமே கோத்திருக்கின்றன, இடையில் கால்சியம். அமிலம் வந்து கால்சியத்தைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து மோனோசிலிசிக் அமிலம் விடுபடும். கரையும்போது அமிலத்தையும் தின்றுவிடும். அதாவது சுண்ணாம்பின் வேலையையும் செய்கிறது.

பீட் கலவைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பீட்டின் பி.எச். 4 அளவில் இருப்பதால் நாற்றங்கால்காரர்கள் எப்படியும் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் சுண்ணாம்புத்தூள் கலப்பார்கள். 100 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் அடக்கும் அமிலத்தை அடக்க 116 கிராம் வொலாஸ்டனைட் போதும். சுண்ணாம்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் செலவு சற்றுக் கூடும், வேலை கூடாது, சிலிக்கான் உபரி. 4 கிராம் வொலாஸ்டனைட்டில் ஏறத்தாழ 1 கிராம் சிலிக்கான் இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹெக்மன் இதே தர்க்கத்தை வயலில் சோதித்தார்: நியூ ஜெர்சி மண்ணில் சுண்ணாம்புக்குப் பதில் கால்சியம் சிலிக்கேட் இட்ட இடங்களில் பூசணிக் கொடிகளில் சாம்பல் நோய் தணிந்தது. இந்தக் கனிமம் ஹெலிகாப்டரிலிருந்துகூடத் தூவப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் அமிலமழையால் கால்சியம் இழந்த ஹப்பர்ட் புரூக் காட்டின் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் 1999இல் அப்படித் தூவினார்கள். அங்கே தேவைப்பட்டது கால்சியம். சிலிக்கான் கூடவே போனது.

பீட்டுக்குப் பொருந்தியது நார்க்கழிவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால் சிக்கல். நார்க்கழிவின் பி.எச். ஏற்கெனவே 5.5க்கு மேல், பல கட்டிகளில் 6.5 வரை. சுண்ணாம்பே தேவைப்படாத கலவை அது. அமிலம் குறைவாக இருக்கும் இடத்தில் வொலாஸ்டனைட் மெதுவாகக் கரையும். கரைந்த மட்டும் பி.எச்.ஐ இன்னும் ஏற்றும். அதன்மேல் தமிழகத்தின் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டும் சேர்ந்துகொண்டால், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறி நிற்கும் இரும்புப் பற்றாக்குறைதான் மிச்சம். வெளிநாட்டுக் கையேட்டு அளவுகளை அப்படியே எடுத்துச் சென்னை மாடியில் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பி.எச். காட்டும் தாளாவது கையில் இருக்க வேண்டும்.

நம் பக்கம் அதைவிட நல்ல சரக்கு அரிசி ஆலை வாசலில் கிடக்கிறது. 100 கிலோ நெல்லைக் குத்தினால் சுமார் 20 கிலோ உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 4 கிலோ அளவுக்குச் சாம்பல். சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. நெற்பயிர் தன் வாழ்நாள் முழுக்க நீரிலிருந்து வடித்தெடுத்துச் சேர்த்தது. உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கும், உமிச்சாம்பலால் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் அதன் உராய்வு தெரியும். உமிக்குள் இருக்கும் சிலிக்கா படிகமாகாதது. செடி அதைப் படிகமாக அடுக்குவதே இல்லை. கரைவதற்கு ஏற்ற வடிவம்.

ஆனால் நெருப்பு அதைக் கெடுத்துவிடும். காற்றோட்டம் குறைத்து மெல்லக் கருக்கினால் கிடைக்கும் கருப்புக் கரியில் சிலிக்கா படிகமாகாமலே இருக்கிறது. வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அது கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறத் தொடங்கும், கரைதிறன் விழுந்துவிடும். பாய்லர் அடுப்பிலிருந்து வரும் வெளிறிய சாம்பல் பார்க்கத் தூய்மையாக இருந்தாலும் தொட்டிக்கு அது இரண்டாந்தரம்தான். போதாததற்குப் படிகச் சிலிக்காவின் நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கு; சிலிக்கோசிஸ் என்னும் நோய் கல்குவாரித் தொழிலாளர்களைத் தாக்குவது இதனால்தான். எந்தச் சிலிக்காத் தூளையும் கையாளும்போது முதலில் நீர் தெளித்து நனைத்துவிட வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

ஜப்பானியர்கள் கருக்கிய உமியைக் ‘குந்தான்’ என்பார்கள். நெல் நாற்று வளர்க்கும் தட்டுகளில் அதைக் கலப்பது அங்கே பழைய பழக்கம். பிலிப்பைன்ஸ் உழவர்களும் துளையிட்ட தகரக் குழாயைச் சுற்றி உமியைக் குவித்து, உள்ளே தீ மூட்டிக் கரி செய்கிறார்கள். அமெரிக்காவிலோ கருக்காத உமியையே பெர்லைட்டுக்கு மாற்றாக ஆர்கன்சா பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். அங்கே நெல் அதிகம் விளைகிறது, உமி மலிவு. ஒரே தொல்லை, உமியோடு கலந்து வரும் நெல்மணிகள் தொட்டியில் முளைத்துவிடும். அதற்காகவே உமியை ஆவியில் வேகவைத்து விற்கும் தொழில் வளர்ந்தது. புழுங்கல் அரிசி தின்னும் நமக்கு ஆலை உமி ஏற்கெனவே வெந்துதான் வருகிறது. இந்த அனுகூலத்தை நாம் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கமெனிடூவும் அவருடைய குழுவினரும் சூரியகாந்தி, ஜெர்பெரா, ஜின்னியா தொட்டிகளில் உமிச்சாம்பல், பொட்டாசியம் சிலிக்கேட், சோடியம் சிலிக்கேட் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். ஏற்ற அளவில் பூங்காம்புகள் தடித்தன. கொய்மலர் வணிகத்தில் அதற்கு மதிப்பு உண்டு. அளவு மீறியபோது வேறு கதை. பொட்டாசியம் சிலிக்கேட் கரைசலை லிட்டருக்கு 100, 200 மில்லிகிராம் சிலிக்கான் என்ற செறிவில் ஊற்றிய சூரியகாந்திகள் குட்டையாகி, பூக்கள் உருக்குலைந்து வந்தன. சிலிக்கான் எவ்வளவு போட்டாலும் கெடுதல் செய்யாது என்று விளம்பரங்களில் வரும் பேச்சை நான் நம்பாததற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.

மற்ற சரக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். டயட்டம் மண் என்பது ஒற்றைச் செல் பாசிகளின் கண்ணாடி ஓடுகள் படிந்து உருவானது, படிகமாகாதது, கரையும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல்லுக்கு இதை இட்டுச் சோதித்திருக்கிறார்கள். வடிகட்டிகளுக்காகச் சூளையில் சுட்ட வகையில் சிலிக்கா படிகமாகியிருக்கும், அதைத் தவிர்க்கவும். உருக்காலைக் கசடு ஜப்பானில் 1955 முதல் நெல்வயலுக்கு அங்கீகரிக்கப்பட்ட சிலிக்கான் உரம். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில், பீட்டைப் போலவே கனிமம் அற்ற மட்கு நிலத்தில், கரும்புக்கும் நெல்லுக்கும் டன் கணக்கில் இடுகிறார்கள். தொட்டிக்கு அது பி.எச்.ஐத் தடாலடியாக ஏற்றும். எந்த ஆலைக் கசடு, அதில் என்ன உலோகங்கள் என்று தெரியாமல் உண்ணும் காய்க்கு இடுவது வேண்டாம்.

நீர்ம வழியை நிலைநாட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய கண்ணாடிக்கூட வெள்ளரிகள் பாறைக்கம்பளியில் வளர்கின்றன, குடிப்பது கூரையில் சேர்த்த மழைநீர். மழைநீரில் சிலிக்கான் கிட்டத்தட்டச் சுழி. பாறைக்கம்பளி உருக்கிய எரிமலைப் பாறையிலிருந்து இழுத்த நூல்தான், எனினும் கொடிக்குப் போதுமான அளவு விடுவிப்பதில்லை. நால்ட்வைக் ஆய்வு நிலையத்தில் வெள்ளரி, சுக்கினி, ரோஜா ஆகியவற்றுக்கு ஊட்டக் கரைசலில் 0.75 மில்லிமோல் சேர்க்கப் பரிந்துரைத்தார்கள். லிட்டருக்கு 21 மில்லிகிராம் சிலிக்கான். பொட்டாசியம் சிலிக்கேட் கடும் காரம், பி.எச். 11 அளவு. கால்சியம் உரத்தின் அடர்கரைசலில் நேரே ஊற்றினால் கூழாக உறைந்து சொட்டுநீர்க் குழாயை அடைக்கும். முதலில் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் சிலிக்கேட், பிறகு அமிலம் விட்டு பி.எச்.ஐ இறக்குவது, கடைசியில் உரம் என்ற வரிசையை மாற்றக்கூடாது. இலைமேல் தெளிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லவால் பல்கலைக்கழகத்தின் பெலாங்கே குழு கோதுமையில் ஒப்பிட்டது: வேர்வழி கொடுத்தபோது சாம்பல் நோய் நன்கு குறைந்தது, இலைவழி தெளித்தபோது ஓரளவு குறைந்தாலும் இலைக்குள் சிலிக்கான் சேரவில்லை. தெளிப்பு இலையின் மேற்பரப்பில் பூஞ்சைக்கு இடைஞ்சல் செய்கிறது, அவ்வளவே.

இவ்வளவு செய்தும் பயன் எந்தச் செடிக்கு என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். நெல், கரும்பு போன்ற புல்லினங்கள் சிலிக்காவை அள்ளிக் குவிக்கும். நெல் வைக்கோலின் உலர் எடையில் 10 விழுக்காடுவரை போகும். நெல் வேரில் 2006இல் ஜியான் ஃபெங் மாவின் குழு கண்டுபிடித்த எல்.எஸ்.ஐ.1 என்ற உள்வாயிலும், 2007இல் கண்ட எல்.எஸ்.ஐ.2 என்ற வெளிவாயிலும் சேர்ந்து அதைத் தண்டை நோக்கி ஏற்றுகின்றன. அதே உள்வாயில் வழியாக ஆர்சனிக்கும் நுழைகிறது என்று 2008இல் தெரிந்தது. வயலுக்கு உமி திருப்பி இடுவது அரிசியில் ஆர்சனிக்கைக் குறைக்கிறது என்ற டெலவேர் பல்கலைக்கழக ஆய்வுகள் அதன் தொடர்ச்சி. வெள்ளரி, பாகல், புடலை, பீர்க்கு, சுரை உள்ள பூசணிக் குடும்பம் நடுத்தரம். தக்காளி மிகக் குறைவாகவே எடுக்கும். மாடித்தோட்டங்களில் அதிகம் வளர்வதும் அதுதான். தக்காளித் தொட்டிக்குச் சிலிக்கான் வாங்கப் பணம் வைத்திருப்பவர் அதைக் கால்சியத்துக்கோ நல்ல மட்குக்கோ செலவழிக்கலாம்.

எடுக்கும் செடியிலும் எப்போதும் வித்தியாசம் தெரியாது. 2006இல் பெலாங்கே குழு அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வகச் செடியில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நடமாட்டத்தை ஒரே நேரத்தில் அளந்தது. நலமான செடிக்குச் சிலிக்கான் கொடுத்தபோது மாறியவை இரண்டே மரபணுக்கள். சாம்பல் நோய் தாக்கியதும் ஆயிரக்கணக்கானவை நிலைகுலைந்தன. சிலிக்கான் பெற்ற செடியில் அந்தக் குலைவு தணிந்திருந்தது. சிலிக்கான் எப்படிக் காக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. இலைத்தோலுக்கு அடியில் படியும் சிலிக்கா பூஞ்சையின் முளையைத் தடுக்கும் சுவர் என்பது பழைய விளக்கம். செடியின் எதிர்ப்பு வினைகளை முடுக்கும் சமிக்ஞை என்றார்கள் பிறகு. செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் படிந்து, செடியை ஏமாற்றப் பூஞ்சை அனுப்பும் புரதங்கள் இலக்கைச் சேராமல் மறிக்கிறது என்பது 2019இல் முன்வைக்கப்பட்ட கருத்து. அது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நலமான செடியில் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். உலகின் ஆற்றுநீரில் லிட்டருக்குச் சராசரியாக 10 மில்லிகிராமை ஒட்டிச் சிலிக்கா கரைந்திருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு சாதாரணம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் உள்ள நீரை ஒரு பாகல் கொடி நாளுக்கு 1 லிட்டர் வீதம் 90 நாள் குடித்தால், வடிந்ததைக் கழிக்காமல் 2.7 கிராம் சிலிக்கா அதன் வேருக்கு வந்து சேருகிறது. சிலிக்காவின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் சிலிக்கான் என்று கணக்கிட்டாலும், கருங்கல் பூமியில் கிணற்றுநீர் பாய்ச்சுபவர், தெரியாமலே டச்சுப் பரிந்துரையில் பாதிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சேர்த்துவைத்த மழைநீரையோ சுத்திகரிப்பு எந்திரத்தின் ஆர்.ஓ. நீரையோ நார்க்கழிவுப் பைக்கு ஊற்றுபவருக்குத்தான் உண்மையில் குறை. அவர் சோதித்துப் பார்க்க விரும்பினால் செலவு அதிகமில்லை: ஒரே விதைப் பொட்டலத்திலிருந்து பாகலோ பீர்க்கோ நான்கு பைகளில், இரண்டில் மட்டும் கலவையின் பத்தில் ஒரு பங்கு கருக்கிய உமி, மற்ற இரண்டில் அதே அளவு பெர்லைட், நீர், உரம், வெயில் எல்லாம் ஒன்றே. காயை எடைபோடுவதில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். மார்கழி, தைப் பனியில் அடி இலைகளில் முதல் வெள்ளைப்புள்ளி எந்தப் பையில் எப்போது வருகிறது, எத்தனை இலைக்கு ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.